சோறு சாப்பிடும் வீட்டில் கோதுமை நோய்

(பினாங்கு, ஜார்ஜ் டவுன், லிட்டில் இந்தியாவில் பெற்றோர்களுக்காக ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் பேச வந்திருப்பது சீலியாக் நோயைப் பற்றி. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குழந்தையின் சிறுகுடல் சேதமாகும் நோய் இது. தலைப்பைக் கேட்டதுமே ஒரு பெரியவர், “டாக்டர், நாம் சோறு சாப்பிடுகிறவர்கள்தானே, நமக்கு எதற்கு இந்தக் கதை?” என்றார். நியாயமான கேள்வி. என் பேச்சு முழுவதும் அவருக்கான பதில்தான்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். சிறுகுடலின் உட்சுவரில் லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் உண்டு. புதுத் துவாலையைத் தொட்டுப் பாருங்கள், மேற்பரப்பு முழுவதும் நூல் சுருள்கள் எழும்பி நிற்கும். தண்ணீரை உடனே இழுத்துக்கொள்ளும். குடலின் உட்பக்கமும் அப்படித்தான். சீலியாக் உள்ள பிள்ளை குளூட்டன் உள்ள உணவைச் சாப்பிட்டால், அதன் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குகிறது. குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகின்றன. பிள்ளை சாப்பிடும், ஆனால் சத்து உள்ளே போகாது. குளூட்டன் கோதுமையில் மட்டுமல்ல, பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் உண்டு. அரிசியில் இல்லை. கேழ்வரகிலும் சோளத்திலும் கம்பிலும் இல்லை.

கோதுமை ஒவ்வாமை என்பது வேறு. அதில் சாப்பிட்ட சற்று நேரத்திலேயே தடிப்பும் வீக்கமும் வரும். சீலியாக் அவசரப்படாத நோய். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் வேலை செய்யும். தாய்க்கும் தெரியாமல் இருப்பது அதனால்தான்.

இந்த நோயைத் தெளிவாக விவரித்தவர் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ. 1888-இல் அவர் எழுதிய கட்டுரையிலேயே, இதைக் குணப்படுத்த வழி உண்டென்றால் அது உணவில்தான் இருக்கிறது என்ற கருத்து இருந்தது. எந்த உணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கெ. 1930-களிலேயே அவருக்குக் கோதுமை மீது சந்தேகம் இருந்தது. 1944–45 குளிர்காலத்தில், போரின் கடைசிக் கட்டத்தில், அந்த நாட்டில் கொடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோதும் சீலியாக் பிள்ளைகள் மோசமாகாமல் இருந்ததும், ரொட்டி திரும்பி வந்ததும் அவர்கள் மறுபடி நோயில் விழுந்ததும் அவர் கருத்தை உறுதிப்படுத்தின. 1950-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அவர் காலத்தில் இதற்கென ரத்தப் பரிசோதனை கிடையாது. குடலில் இருந்து சதைத் துணுக்கு எடுக்கும் கருவியும் பரவலாகவில்லை. அவருக்குப் பெரும் துணையாக இருந்தவை எடைத் தராசும் அளவுகோலும் வரைபடமும்தான். கோதுமையை நிறுத்தினால் கோடு ஏறும், கொடுத்தால் சாயும். இந்த நோயின் காரணம் முதன்முதலில் தெரிந்தது பிள்ளைகளின் வளர்ச்சிக் கோட்டில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். இந்தியாவில் கோதுமை உண்ணும் பஞ்சாப் பகுதியில் பிள்ளைகளுக்கு வரும் ஒரு வயிற்றுப்போக்கைக் கோடைக்கால வயிற்றுப்போக்கு என்றே அழைத்தார்கள். குளிர்காலத்தில் மக்காச்சோள ரொட்டி, கோடையில் கோதுமை ரொட்டி. காரணம் புரிகிறதல்லவா? வட இந்தியக் குழந்தைகளிடம் சீலியாக் நோய் இருப்பதை 1966-இலேயே வாலியா முதலிய மருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். தெற்கில் இல்லை என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தோம்.

நமக்கு மிக நெருக்கமான ஆய்வு 2016-இல் வெளிவந்தது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் நீண்டகாலம் குடல் நோய்களை ஆராய்ந்த பி.எஸ். ராமகிருஷ்ணா தலைமையில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைச் சோதித்தார்கள். தெற்குக்கு வேலூர் வட்டாரம். ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள்கள் தென்பட்டவர்கள் வடக்கில் 1.23 விழுக்காடு, வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. அதாவது வேலூர்ப் பக்கம் ஆயிரத்தில் ஒருவர். “பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே” என்று பெரியவர் புன்னகைக்கிறார். கொஞ்சம் பொறுங்கள், ஐயா.

இந்த நோய் வருவதற்கு டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணு வகைகளில் ஒன்றாவது உடலில் இருக்க வேண்டும். அந்த ஆய்வில் அதையும் பார்த்தார்கள். வடக்கில் 36.4 விழுக்காட்டினரிடம் இருந்தது. தெற்கிலும் அதே 36.4 விழுக்காடு. மூன்றில் ஒரு தமிழர் உடலில் இந்த நோய்க்கான வாசல் திறந்தே இருக்கிறது. வேறுபட்டது தட்டுதான். வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பிட்ட கோதுமை சராசரியாக 455 கிராம், தெற்கில் 25 கிராம். கோதுமை அளவு மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. வடகிழக்கில் 37 கிராம்தான், ஆனால் நோய் தெற்கைவிடப் பல மடங்கு. ஆகவே கணக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் நம் ரத்தம் நம்மைக் காப்பாற்றவில்லை, இதுவரை நம் சாப்பாடு பெருமளவு காப்பாற்றியிருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

அந்தச் சாப்பாடு இப்போது எப்படி இருக்கிறது? 1833-இல் எழுந்த குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் இருந்து மார்க்கெட் ஸ்திரீட் வரை நடந்து பாருங்கள். இட்லி, தோசை இருக்கின்றன. பக்கத்திலேயே ரொட்டி சானாய், சப்பாத்தி, பூரி, ஜிலேபி, கறிபாப், மீ கோரேங். நம் வீட்டுப் பிள்ளையின் ஒரு நாளை எண்ணுங்கள். காலையில் ரொட்டி சானாய், பள்ளி கேண்டீனில் பன், மாலையில் மைலோவும் பிஸ்கட்டும், இரவில் மீ நூடுல்ஸ். சோறு சாப்பிடுகிற குடும்பம் என்கிறோம். பல நாள்களில் பிள்ளையின் வாயில் ஒரு பருக்கை போவதில்லை. வேலூரின் 25 கிராம் கணக்கு இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது.

மலேசியாவிலும் ஓர் ஆய்வு நடந்தது. 2015-இல் வெளியான அதில் 562 ஆரோக்கியமான இளைஞர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூன்று இனத்தவரும் இருந்தனர். 1.25 விழுக்காட்டினரின் ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள்கள் தென்பட்டன; மூன்று இனத்திலும் தென்பட்டன. இது ரத்த முடிவு மட்டுமே, குடலைப் பார்த்து உறுதி செய்தது அல்ல, ஆய்வும் சிறியது. ஆனாலும் இந்த மண்ணில் இந்த நோய் கிடையாது என்று சொல்லும் வசதி இனி எந்த மருத்துவருக்கும் இல்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பாடநூல் சொல்லும் பிள்ளை, வயிறு உப்பி, கை கால் சூம்பி, கொழுப்பு மிதக்கும் மலத்தோடு வரும். அப்படி வந்தால் யாரும் தவறவிட மாட்டார்கள். இன்று பல பிள்ளைகளுக்கு வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லை. வளர்த்தி குறைவு, அல்லது தீராத ரத்தச்சோகை, அவ்வளவுதான் அடையாளம்.

வளர்ச்சியைப் பற்றி ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பெண் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். 3 வயதில் 95 செ.மீ. சரியாக நடுக்கோடு. 4 வயதில் 99. 5 வயதில் 102. அந்த 102-ஐ மட்டும் பார்க்கும் எவரும், “வரைபடத்தின் கடைசிக் கோட்டுக்கு மேலேதானே இருக்கிறாள், பரவாயில்லை” என்பார்கள். மூன்று புள்ளிகளையும் சேர்த்துப் பாருங்கள். அந்த வயதில் ஆண்டுக்கு 6, 7 செ.மீ. வளர வேண்டியவள் முதலாண்டு 4, அடுத்த ஆண்டு 3 மட்டுமே வளர்ந்திருக்கிறாள். நடுக்கோட்டில் இருந்தவள் அடிக்கோட்டை நோக்கிச் சறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு புள்ளி எதையும் சொல்லாது. கோடுதான் பேசும்.

“அவ அப்பாவும் குட்டைதான் டாக்டர்” என்பது நான் அடிக்கடி கேட்கும் பதில். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் செ.மீ. கணக்கில் கூட்டுங்கள். மகன் என்றால் 13 கூட்டி, மகள் என்றால் 13 கழித்து, இரண்டால் வகுங்கள். அப்பா 168, அம்மா 155 என்றால் மகள் ஏறத்தாழ 155, மகன் 168. குடும்ப வாகால் குட்டையான பிள்ளை தன் கோட்டிலேயே சீராக வளரும். கோட்டை விட்டு இறங்கும் பிள்ளைக்கு அப்பா மேல் பழி போடாதீர்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த குழந்தை நலப் புத்தகத்தில் ஆறு வயது வரைக்குமான வரைபடங்கள் இருக்கின்றன. தடுப்பூசி முடிந்ததும் பல வீடுகளில் அது அலமாரிக்குப் போய்விடுகிறது. நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர் என்று 2019-இன் தேசியச் சுகாதார ஆய்வு காட்டியது. அவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் சீலியாக் அல்ல. உணவும் வறுமையும் அடிக்கடி வரும் தொற்றும்தான். அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்திருப்பதால்தான் சீலியாக் பிள்ளையைக் கண்டுபிடிப்பது சிரமம்.

அடுத்தது ரத்தம். இரும்புச் சத்தை உடல் இழுத்துக்கொள்வது சிறுகுடலின் ஆரம்பப் பகுதியில். சீலியாக் முதலில், கடுமையாகத் தாக்குவதும் அதே பகுதியைத்தான். அதனால் முதலில் குறைவது இரும்பு. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் விழும், பிறகு ஹீமோகுளோபின் விழும். ஃபோலேட் குறையலாம். வைட்டமின் டி, கால்சியம் குறைந்து எலும்பு மெலியலாம். கல்லீரல் நொதிகள் காரணமில்லாமல் சற்று உயர்ந்திருக்கலாம். வளர்ச்சி ஹார்மோனின் சொல்லைக் கேட்டு எலும்பை வளர்க்கும் ஐஜிஎஃப்-1 என்ற பொருளும் குறையும். பிள்ளை வளராமல் போவதற்குப் பட்டினி மட்டும் காரணமில்லை, குடலில் எரியும் அழற்சியும் ஒரு காரணம்.

இங்கே நம் நாட்டுக்கு ஓர் எச்சரிக்கை. மலேசியாவில் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் பலர். அவர்களுக்கும் ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாக இருக்கலாம், சிவப்பணுக்கள் சிறியவையாக இருக்கும். ஆனால் ஃபெரிட்டின் பொதுவாகக் குறையாது. ஆகவே ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் ஃபெரிட்டினையும் கேளுங்கள். காய்ச்சல் நேரத்தில் ஃபெரிட்டின் பொய்யாக உயரும் என்பதால் பிள்ளை நன்றாக இருக்கும்போது எடுங்கள். இரும்பு மருந்தைச் சரியான அளவில் கொடுத்தால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராமாவது ஏற வேண்டும். மருந்தை ஒழுங்காகக் கொடுத்தும் மூன்று மாதத்தில் அசையவில்லை என்றால் அடுத்த டானிக் போத்தலை வாங்காதீர்கள். அந்த இரும்பு எங்கே போகிறது என்று கேளுங்கள்.

அதற்கு முதலில் செய்ய வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை. டி.டி.ஜி. என்று சொல்வார்கள், குடல் திசுவில் உள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதிக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஐஜிஏ எதிர்ப்பொருளை அளப்பது. இந்த நோயில் உடல் குறிவைப்பது அந்த நொதியைத்தான் என்பது 1997-இல் ஜெர்மனியில் கண்டறியப்பட்டது. கூடவே மொத்த ஐஜிஏ-வையும் அளக்க வேண்டும். சில பிள்ளைகளின் உடலில் ஐஜிஏ பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு நோய் இருந்தாலும் டி.டி.ஜி. இல்லை என்றே வரும். அவர்களுக்கு ஐஜிஜி வகைச் சோதனை வேண்டும்.

ஐரோப்பியக் குழந்தைக் குடல்நோய்ச் சங்கத்தின் 2020 வழிகாட்டியின்படி, டி.டி.ஜி. உச்ச வரம்பைப்போல் 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாவது ரத்த மாதிரியில் எண்டோமைசியம் எதிர்ப்பொருளும் இருந்தால், பெற்றோர் சம்மதத்துடன் குடலில் சதைத் துணுக்கு எடுக்காமலே நோயை உறுதி செய்யலாம். அதற்குக் குறைந்தால் குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். நம் பகுதியில் தொற்றும் ஊட்டக்குறைவும்கூடக் குடலுறிஞ்சிகளை மட்டமாக்கும். எனவே துணுக்கை மட்டும் நம்பியும் முடிவு கட்டக் கூடாது. வளர்ச்சிக் கோடு, ரத்தம், குடல் மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்கச் சொல்லவில்லை. கோட்டை விட்டு இறங்கும் பிள்ளை, இரும்புக்கு மசியாத ரத்தச்சோகை உள்ள பிள்ளை, தீராத வயிற்றுப்போக்கோ மலச்சிக்கலோ உள்ள பிள்ளை, பருவமடைவது தள்ளிப்போகும் பிள்ளை, முதல் வகை நீரிழிவு, தைராய்டு தன்னெதிர்ப்பு நோய், டவுன் நோய்க்குறி, டர்னர் நோய்க்குறி உள்ள பிள்ளை, சீலியாக் நோயாளியின் உடன்பிறப்பு. இவர்களுக்குக் கேளுங்கள், போதும்.

நான் இன்று சொல்வதில் ஒன்றே ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போவதாக இருந்தால் இதை எடுத்துப் போங்கள்: சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், கைப்பேசியில் பார்த்தோம் என்று கோதுமையை நிறுத்திவிட்டு வருகிறார்கள். கோதுமை நின்றால் எதிர்ப்பொருள் இறங்கும், குடல் ஆறத் தொடங்கும். சோதனை எதையும் காட்டாது. பிறகு உண்மை தெரிய, தேறி வரும் பிள்ளைக்கு மறுபடி மாதக்கணக்கில் கோதுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பாவத்தை நாம் ஏன் செய்ய வேண்டும்?

நோய் உறுதியானால் மருந்து ஒன்றுதான்: வாழ்நாள் முழுவதும் குளூட்டன் இல்லாத உணவு. பலன் கண்ணால் பார்க்கலாம். எடை 6 முதல் 12 மாதங்களில் தேறும். உயரம் மெதுவாக, 2, 3 ஆண்டுகளில் தன் பழைய கோட்டைத் தேடிப் போகும். ஃபெரிட்டின் ஓராண்டுக்குள் பெரும்பாலும் நிறையும். டி.டி.ஜி. பல பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டுகளில் இயல்புக்கு வரும், மிக உயரத்தில் இருந்து தொடங்கியவர்களுக்கு இன்னும் நாளாகும். இறங்கிய டி.டி.ஜி. மறுபடி ஏறினால் எங்கோ கோதுமை நுழைகிறது. ஆனால் எலும்பின் வளர்முனைகள் மூடிய பிறகு கண்டுபிடித்தால், இழந்த உயரம் திரும்பாது. பருவ வயது வரை காத்திருக்க வேண்டாம் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

ஐரோப்பாவில் இந்த உணவுமுறை செலவு மிக்கது. தனி ரொட்டி, தனி மாவு வாங்க வேண்டும். நமக்கு இட்லி, தோசை, புட்டு, இடியப்பம், அடை, பொங்கல், சுண்டல் எல்லாம் ஏற்கெனவே அடுப்பில் இருக்கின்றன. நம் சமையல் பாதி மருந்து. மீதிப் பாதியில்தான் கண்ணிகள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். சாம்பார், ரசம் வழியாக அது வரும். ரவை கோதுமைதான், ஆகவே உப்புமாவும் கேசரியும் கூடாது. சேமியா பாயசமும் கூடாது; ஜவ்வரிசிப் பாயசம் செய்யுங்கள். மைலோவிலும் ஹார்லிக்ஸிலும் பார்லி மால்ட் இருக்கிறது. சோயா கிச்சாப்பில் கோதுமை இருக்கலாம். சைவக் கடைகளில் கிடைக்கும் போலி இறைச்சிகளில் பல, குளூட்டனை உருட்டிச் செய்தவையே. கடையில் ரொட்டி சானாய் போட்ட கல்லில் தோசை வார்த்தால் தோசையும் ஆகாது. மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு கேழ்வரகை அரைத்தால் அதுவும் ஆகாது.

“துளியூண்டுதானே” என்பார்கள் பாட்டிமார்கள். ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் உண்டு. நாளுக்கு 50 மில்லிகிராம், அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு, மூன்று மாதம் தொடர்ந்தால் குடலைக் கெடுக்கப் போதும் என்று 2007-இல் இத்தாலிய ஆய்வு காட்டியது. பாட்டியின் பாசத்தைக் குறை சொல்லவில்லை. பாசத்தோடு கொடுக்கும் பண்டத்தை மட்டும் மாற்றச் சொல்கிறேன். அதிரசம் கொடுங்கள், எள்ளுருண்டை கொடுங்கள்.

மலேசிய உணவு விதிமுறைகளின்படி, குளூட்டன் உள்ள தானியங்கள் சேர்ந்திருந்தால் பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும். ‘கண்டும்’ (மலாய் மொழியில் கோதுமை), ‘பார்லி’ என்ற சொற்களைத் தேடிப் படியுங்கள். அனைத்துலக உணவுத் தர விதியில் குளூட்டன் இல்லாதது என்று போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பிள்ளை அரிசியை மட்டும் நம்பி இருந்துவிடவும் கூடாது. பருப்பு, கீரை, கேழ்வரகு, முட்டை, மீன் எல்லாம் வேண்டும். இல்லாவிட்டால் குடல் ஆறியும் இரும்பு ஏறாது.

இங்கே அமர்ந்திருக்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோசைக்கென்று ஒரு தனிக் கல் வையுங்கள். பெருங்காயம் வாங்கும்போது மாவு எது என்று பாருங்கள். ஒரு தாய் வந்து, “இதில் கோதுமை இருக்கிறதா?” என்று கேட்டால் சலித்துக்கொள்ளாமல் உண்மையைச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, வகுப்பில் பிறந்தநாள் கேக் வெட்டும்போது ஒதுங்கி உட்காரும் பிள்ளைக்கு வேறொரு தின்பண்டம் இருக்கட்டும்.

பெற்றோர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் நலப் புத்தகத்தை வெளியே எடுங்கள். செருப்பைக் கழற்றி, சுவரோடு நிறுத்தி, உயரத்தை அளந்து குறியுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அளங்கள். கோடு இறங்கினால், அல்லது டானிக் குடித்தும் ரத்தம் ஏறாவிட்டால், கோதுமையை நிறுத்தாமல் மருத்துவரிடம் போய் டி.டி.ஜி. சோதனை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். “நாம் சோறு சாப்பிடுகிறவர்கள்தானே” என்று அவரே சொன்னாலும் விடாமல் கேளுங்கள்.